திருடினால்தான் வேர் பிடிக்கும்

அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. மறந்துவிட்டதா என்றால் இல்லை. வீட்டில் கூப்பிட்ட பெயர், ஞானஸ்நானப் பெயர், பள்ளிப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர், எல்லாமே எனக்குத் தெரியும். சொன்னால் என் பால்கனிக்கு ஆபத்து. ஏன் என்பது போகப் போகப் புரியும். பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் அப்பார்ட்மெண்டில் பால்காரரிலிருந்து பாதிரியார் வரைக்கும் எல்லோரும் அவரை 'மிஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

மிஸ் ஒரு காலத்தில் கணக்கு டீச்சர். நேர்மை என்றால் அப்படியொரு நேர்மை. எங்கள் வீட்டுத் துணி கிளிப் காற்றில் பறந்து அவர் பால்கனியில் விழுந்தால், அதைக் கழுவித் துடைத்து, பேப்பரில் மடித்துக் கொண்டுவந்து கொடுப்பார். ஆட்டோக்காரர் மீட்டர் போட மறந்தால் இவரே எட்டிப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளைகளைச் சொல்லித் தருவதும் அவர்தான். திருட்டைப் பற்றிய கட்டளை வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, விறுவிறுவென்று தாண்டிப் போய்விடுவார் என்று பிள்ளைகளின் அம்மாக்கள் சொல்வார்கள்.

ஏனென்றால் மிஸ் ஒரு திருடி. செடித் திருடி.

அவருடைய சித்தாந்தம் இதுதான். காசு கொடுத்து வாங்கிய செடிக்குத் திமிர் இருக்கும். யாராவது ஆசையாகக் கொடுத்த செடிக்குச் சோம்பல் இருக்கும். திருடிக்கொண்டு வந்த செடிதான் வேறு போக்கிடம் இல்லாமல் ஒழுங்காக வேர் விடும். மணி பிளாண்டைத் திருடினால்தான் வளரும் என்று ஊரெல்லாம் சொல்வதுண்டு. மிஸ் அதைக் கீரைக்கும் காய்க்கும் மருந்துச் செடிக்கும் விரிவுபடுத்தி வைத்திருந்தார்.

நாங்கள் குடிவந்த முதல் வாரம், பெட்டிகளைப் பிரித்த தூசியில் எனக்கு விடாத இருமல். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. நரைத்த தலை, காட்டன் புடவை, மூக்கு நுனியில் கண்ணாடி.

"யாரது இருமறது? புதுசா வந்த பொண்ணா?"

"ஆமாங்க."

"ஆமாங்க இல்ல. ஆமா மிஸ். உள்ள வா."

அவர் பால்கனியைப் பார்த்து அசந்துபோனேன். கால் வைக்க இடமில்லை. கிரில் முழுக்கப் பசலைக்கொடி. பெயிண்ட் டப்பாவில் பிரண்டை, உடைந்த வாஷ்பேசினில் புதினா, கைப்பிடி போன பிரஷர் குக்கரில் வெற்றிலை. அதன் நடுவில் தடித்த, மொசுமொசுவென்ற இலைகளோடு ஒரு செடி.

"இது கற்பூரவல்லி. கன்னடத்துல தொட்டபத்ரே. ரெண்டு இலையைக் கொதிக்க வெச்சு, தேன் விட்டுக் குடி. நெஞ்சுச் சளி எல்லாம் கழண்டுடும். வீட்டுக்கு ஒரு தொட்டி இருக்கணும்."

"அப்ப ஒரு சின்னக் கிளை தர்றீங்களா மிஸ்?"

நான் என்னவோ அவர் கழுத்துச் செயினைக் கேட்டுவிட்டது மாதிரி பார்த்தார்.

"கேட்டுட்டியே! வாயைத் திறந்து கேட்டா அது எப்படிம்மா வளரும்?" கொஞ்ச நேரம் நெற்றியைத் தடவிக்கொண்டார். "சரி. நான் உள்ளே போய் அடுப்புல பால் பாத்துட்டு வரேன். நீ உன் வேலையைப் பாரு."

போய்விட்டார். அடுத்தவர் வீட்டுப் பால்கனியில் எனக்கு என்ன வேலை? தெருவில் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தவர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னுமா அப்படியே இருக்கு?"

"எது மிஸ்?"

"ஐயோ மாதாவே! நான் மறுபடியும் பால் பாக்கப் போறேன். இந்தத் தடவை மெதுவாத்தான் வருவேன்."

அந்த வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு இலையைக் கிள்ளினேன். சமையலறையிலிருந்து சத்தம் வந்தது.

"இலை இல்ல! தண்டு, தண்டு! கணுவுக்குக் கீழே கிள்ளணும்!"

நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"நான் எதையும் பாக்கலை!" என்றது அதே குரல்.

அந்தத் தண்டு ஒரே மாதத்தில் தொட்டியை அடைத்துக்கொண்டு வளர்ந்தது. இருமலும் நின்றது. டாக்டர் கொடுத்த சிரப்பையும் நான் குடித்தேன் என்பதை மிஸ்ஸிடம் சொல்லவில்லை.

பழகப் பழகத்தான் இந்தத் திருட்டுக்குச் சட்டதிட்டங்கள் இருப்பது தெரிந்தது. இருட்டிய பிறகு திருடக் கூடாது. செடி தூங்கும், அதோடு இருட்டில் திருடுகிறவர்கள் கோழைகள். வேரோடு பிடுங்கக் கூடாது, அது பாவம். ஒரு சாணுக்கு மேல் வெட்டக் கூடாது, அது பேராசை. வீட்டில் ஒற்றைத் தொட்டி மட்டும் வைத்திருப்பவர்களிடம் கை வைக்கவே கூடாது. எடுத்த பிறகு நன்றி சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, யாரிடமிருந்து எடுத்தோம் என்று வாயைத் திறக்கவே கூடாது. சொன்னால் செடி பட்டுப்போகும்.

இதற்கு அவரிடம் சாட்சியமும் இருந்தது. தூதுவளையை எந்த வீட்டில் எடுத்தார் என்று ஒரு தடவை தங்கையிடம் போனில் உளறிவிட்டாராம். அந்த வாரமே செடி காய்ந்துவிட்டதாம்.

"அந்த வாரம் நீங்க வேளாங்கண்ணி போயிருந்தீங்க மிஸ். யாருமே தண்ணி ஊத்தலை."

"அது வேற விஷயம்" என்றார்.

காலையில் ஆபீஸ் போகிறவர்கள் எல்லாம் போன பிறகு மிஸ் வாக்கிங் கிளம்புவார். எனக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் சில நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். கைப்பையில் சர்ச் பாட்டுப் புத்தகம், ஈரக் கைக்குட்டை, நகவெட்டி. நல்ல செடி ஏதாவது காம்பவுண்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தால் சட்டென்று நின்று, "இரும்மா, ஷூ லேஸ் அவுந்துடுச்சு" என்று குனிவார். காலில் போட்டிருப்பது ரப்பர் செருப்பு.

ஒருநாள் ஒரு பெரிய வீட்டு வாசலில் செம்பருத்திக் கிளை பாதி அறுந்து கையில் இருக்கும்போது வீட்டுக்கார அம்மாள் வெளியே வந்துவிட்டார். நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். மிஸ் அசரவில்லை.

"இலைக்கு அடியில பாருங்க, மாவுப்பூச்சி. வேப்பெண்ணெயில ஒரு சொட்டு சோப்புத் தண்ணி கலந்து அடிங்க. இப்படியா விடுறது பச்சப் புள்ளையை?" என்று அந்த அம்மாளையே ஒரு பிடி பிடித்தார். அவர் மன்னிப்புக் கேட்டு உள்ளே போய்க் குறித்துக்கொண்டார். அவர் திரும்பி வரும்போது கிளை கைக்குட்டைக்குள் போயிருந்தது.

திருடியதை மிஸ் தனக்கென்று வைத்துக்கொண்டதே இல்லை. வளர்த்துப் பெரிதாக்கி, அடுத்தவரைத் திருட வைப்பார். அதுதான் அவர் தொழில். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவருக்கு முட்டிவலி என்றால் முடக்கத்தான். மூன்றாம் மாடியில் கர்ப்பமாக இருந்த பெண்ணுக்குப் பசலைக்கீரை. எனக்குத் தலைமுடி கொட்டியதற்குச் செம்பருத்தி. பாதிரியாருக்கு அஜீரணம் என்றதும் பிரண்டைத் தொட்டிக்குப் பக்கத்தில் அவரை நிற்கவைத்துவிட்டு, "ஃபாதர், நான் பால் பாக்கப் போறேன்" என்றார். பாதிரியார் கொஞ்ச நேரம் மேலே வானத்தைப் பார்த்தாராம். பிறகு ஒரு சாண் ஒடித்து அங்கிக்குள் போட்டுக்கொண்டாராம். துவையல் நன்றாக வந்ததாகச் சர்ச்சில் பேச்சு. இதையெல்லாம் சாப்பிட்டுத்தான் எல்லோருக்கும் குணமானதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் தெருவில் வீட்டுக்கு நாலு தொட்டியாவது பச்சையாக இருந்தது, பொழுது விடிந்தால் எல்லோரும் அதன் முன்னால் போய் நின்றார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது கடைக்குப் போகாமல் கீரை சாப்பிட்டார்கள்.

எங்கள் வாட்ச்மேன் முனியப்பாவும் மிஸ்ஸிடம் திருடியவர்தான். வீடு அத்திபெலேயில். வாரம் ஒருமுறை ஊருக்குப் போகும்போது ஏதாவது ஒரு குச்சியைத் தலையில் கட்டும் துண்டில் சுருட்டிக்கொண்டு போவார். "அங்க இப்ப எங்க வீட்டைச் சுத்திக் காடு மாதிரி கீது மேடம். முருங்கை இன்னா, வெத்தலை இன்னா. எங்கேர்ந்து வந்துச்சுன்னு என் சம்சாரம் கேட்டா கூட நான் சொல்றதில்ல" என்பார் பெருமையாக.

இப்போது திராட்சைக்கு வருகிறேன்.

எங்கள் அப்பார்ட்மெண்ட் நிற்கிற இடத்தில் முன்பு இருந்தது மிஸ்ஸின் சொந்த வீடு. வீட்டை பில்டரிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இங்கே ஒரு ஃபிளாட் வாங்கிக்கொண்டார். அந்த வீட்டின் வாசலில் ஒரு திராட்சைப் பந்தல் இருந்ததாம். தடித்த தோல், உள்ளே விதை, கருநீலப் பழம். கிறிஸ்மஸ் வைனை அந்தப் பழத்தில்தான் போடுவார்கள். கொடியை ஓரமாக விட்டுவைக்கிறேன் என்று பில்டர் சொன்னதை நம்பி, மிஸ் கண் ஆபரேஷனுக்கு வேலூர் போனார். கண்ணில் கட்டுடன் திரும்பி வந்தபோது அங்கே ஜேசிபி நின்றுகொண்டிருந்தது. ஒரு குச்சி கூட மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு மிஸ் வைன் போடவே இல்லை. கடையில் திராட்சையைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எங்கள் அசோசியேஷன் பிரசிடென்ட், ரிஜிஸ்ட்ரேஷன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கன்னடக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார். எதுவானாலும் முறைப்படி நடக்க வேண்டும் அவருக்கு. அவருடைய மனைவி லலிதாம்மா அதிகம் பேச மாட்டார். மொட்டை மாடியில் ஒரு பெரிய டிரம்மில் திராட்சைக் கொடி வைத்து, கம்பி கட்டிப் பந்தல் போட்டிருந்தார் பிரசிடென்ட். லால்பாக் மலர்க் கண்காட்சியில் லலிதாம்மா வாங்கிவந்தது என்று எல்லோரிடமும் சொல்வார். தினமும் காலையில் சர்க்கரைக்காக அவர் மென்று விழுங்கும் இன்சுலின் செடி இலையும் லால்பாக் என்றுதான் சொல்வார். அந்த இன்சுலின் செடியை மிஸ்ஸின் பால்கனியில் லலிதாம்மா திருடியபோது, மிஸ்ஸோடு சேர்ந்து 'பால் பார்க்க' உள்ளே போனவள் நான்.

ஒருநாள் துணி உலர்த்த நானும் மிஸ்ஸும் மாடிக்குப் போனோம். பந்தலுக்குக் கீழே ஒரு பழம் விழுந்து கிடந்தது. மிஸ் அதைத் துடைத்து வாயில் போட்டார். மெல்லவில்லை. அப்படியே நின்றார்.

"என்ன மிஸ், புளிப்பா?"

"எங்க வீட்டுப் பழம் மாதிரியே இருக்கும்மா."

"பெங்களூரு கறுப்பு திராட்சை எல்லாம் ஒரே மாதிரிதானே மிஸ் இருக்கும்."

"உனக்கு நாக்கு இருக்கா, இல்ல சும்மா ஒட்டவெச்சிருக்கா?" என்று எரிந்து விழுந்தார். கண் கலங்கியிருந்தது. நான் துணியை உலர்த்தப் போனேன்.

மறுநாளே நகவெட்டியோடு மாடி ஏறிவிட்டார். மாடிச் சாவி முனியப்பாவிடம். அவர் பூட்டைத் திறந்துவிட்டு, தண்ணீர் டேங்கைப் பார்ப்பது போல முதுகைக் காட்டி நின்றுகொள்வார். மிஸ் ஒரு சாண் குச்சி வெட்டிவந்து ஈர மணலில் நட்டார். பட்டுப்போனது. இன்னொன்று. அதுவும் போனது. நனைத்த சாக்கால் மூடிப் பார்த்தார், கற்றாழைச் சாற்றில் தோய்த்துப் பார்த்தார். ஒன்றும் பிழைக்கவில்லை. வாழ்க்கையிலேயே மிஸ் திருடி வேர் விடாத செடி அதுதான்.

"என் கை போச்சும்மா" என்றார். "வயசாயிடுச்சு. திருட்டு சுத்தமா இல்ல."

கடைசியாக ஒரு குச்சியில் மட்டும் கணு ஒன்று உப்பி, பச்சையாக ஒரு தளிர் எட்டிப் பார்த்தது. மிஸ் அதைப் படுக்கையறை ஜன்னலில் வைத்து, ஃபேன் காற்று படாமல் காலண்டர் அட்டையால் மறைத்துப் பாதுகாத்தார். யாரும் அதன் பக்கத்தில் தும்மக் கூடத் தடை.

அந்த வாரம்தான் வாட்ஸ்அப் குரூப்பில் பிரசிடென்ட் ஒரு போட்டோ போட்டார். வெட்டுப்பட்ட திராட்சைக் கிளை, சுற்றிலும் சிவப்பு வட்டம். 'டெரஸ் கீ யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு' என்று கீழே ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை மீட்டிங். முனியப்பாவை மாற்றச் சொல்லி செக்யூரிட்டி ஏஜென்சிக்குச் சொல்லப் போவதாகவும் தெரிந்தது.

முனியப்பாவின் மகள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலை போனால் அவருக்கு வேறு வழியில்லை. அவரிடம் போய், "உண்மையைச் சொல்லிடுங்க" என்றேன்.

"மிஸ் பேரைச் சொன்னா என் முருங்கை பட்டுப்பூடும் மேடம்."

"வேலை போயிடும் முனியப்பா!"

"வேலை வேற கிடைக்கும். அந்த மாதிரி முருங்கை கிடைக்குமா?" என்றார். ஆனால் அன்று அவர் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. டிஃபன் பாக்ஸ் மூடியபடியே மேஜையில் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மிஸ் வீட்டுக்குப் போனேன். ஜன்னல் ஓரம், அந்தத் தளிருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"சொன்னா இது செத்துடும். சொல்லலேன்னா அவன் போயிடுவான்" என்றார்.

"மிஸ், சொன்னா எல்லாம் ஒரு செடியும் சாகாது. நீங்க கணக்கு டீச்சர்."

"கணக்கு வேற, கொடி வேறம்மா. இது எங்க வீட்டு வாசல் மாதிரி இருக்கு எனக்கு." அந்தத் தளிரை விரலால் தொடப்போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.  நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஞாயிறு காலை, கார் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மீட்டிங். மிஸ் சர்ச்சிலிருந்து நேராக, நல்ல புடவையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முனியப்பா தூணோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நோடி, பாருங்க, எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல" என்று ஆரம்பித்தார் பிரசிடென்ட். "ஆனா இது லால்பாக் கொடி. அதை யாரோ கத்தரிச்சுட்டே இருக்காங்க. யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க."

அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவர் போனைப் பார்த்தார், ஒருவர் செருப்பைப் பார்த்தார், மூன்றாம் மாடிப் பெண் மடியிலிருந்த குழந்தைக்கு விரல் எண்ணக் கற்றுக்கொடுத்தாள். ஒவ்வொருவர் வீட்டிலும் மிஸ்ஸிடம் திருடிய தொட்டி இருக்கிறது. வாயைத் திறந்து வம்பை விலைக்கு வாங்க யாரும் தயாராக இல்லை.

"அப்ப முனியப்பாதான்..." என்று பிரசிடென்ட் சொல்லி முடிப்பதற்குள் கடைசி வரிசையில் நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டது.

"நான்தான்" என்றார் மிஸ்.

"என்ன மேடம்?"

"திருடினது நான்தான். பகல்ல, நகவெட்டியால. ஒரு சாணுக்கு மேல வெட்டலை. முனியப்பாவை விட்டுடுங்க." அதற்குமேல் குரல் உடைந்துவிட்டது. "போச்சு. செத்துடுச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

 ஓய்வு பெற்ற டீச்சரை எந்தச் சட்டத்தில் என்ன செய்வது என்று பிரசிடென்டுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் இதுவரை எந்த மீட்டிங்கிலும் வாயே திறக்காத லலிதாம்மா எழுந்து நின்றார்.

"அது லால்பாக் கொடி இல்ல."

"ஏனு? என்னது?" என்றார் பிரசிடென்ட்.

"நாம பக்கத்துத் தெருவுல வாடகைக்கு இருந்தோமில்ல, அப்ப மிஸ் வீட்டு வாசல்ல ஒரு பந்தல் இருந்துச்சு. காம்பவுண்டுக்கு வெளியே தொங்கினதுல ஒரு சாண் ஒடிச்சுட்டு வந்து டிரம்ல வெச்சேன். இங்க ஃபிளாட் வாங்கினதும் தூக்கிட்டு வந்தேன். மிஸ் அழுதப்ப எல்லாம் சொல்லணும்னு நெனச்சேன். சொன்னா பட்டுப்போயிடும்னு மிஸ்தானே சொல்லியிருக்காங்க. அதான் சொல்லலை."

 மிஸ் மெதுவாகக் கைக்குட்டையை இறக்கினார்.

"எங்க கொடியா?"

"உங்க கொடிதான் மிஸ்."

அழுவார் என்றுதான் நான் நினைத்தேன். மிஸ் நாற்காலியில் ஓங்கி ஒரு அடி அடித்து, பள்ளிக்கூடக் குரலில் கத்தினார். "அதான்! அதான் வேர் விடலை! என் சொத்தை நானே எப்படித் திருட முடியும்? என் கைல ஒரு குத்தமும் இல்ல!"

விறுவிறுவென்று வீட்டுக்குப் போய் அந்தக் குச்சியைத் தொட்டியோடு கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் உருவிக் காட்டினார். தளிர் இருந்தது. அடியில் ஒரு வேர் இல்லை. குச்சியில் இருந்த சத்தை வைத்துத் துளிர்விட்டிருக்கிறது, அவ்வளவுதான். மிஸ்ஸுக்கு அதுவே போதுமான நிரூபணம்.

அடுத்து அவருக்கு இன்னொரு பயம் வந்துவிட்டது. லலிதாம்மாவும் உண்மையைச் சொல்லிவிட்டார். அப்படியென்றால் மாடியில் இருக்கிற தாய்க்கொடியும் பட்டுப்போகுமே!

"இப்ப என்ன செய்யறது?" என்று கேட்டது வேறு யாருமில்லை, பிரசிடென்ட். அவர் முகத்தில் உண்மையான கலவரம்.

"மறுபடியும் திருடணும்" என்றார் மிஸ். "கொடி என்னுது. முதல்ல நீங்க என்கிட்டேர்ந்து திருடணும். அப்புறம் அது உங்களுது ஆயிடும். அதுக்கப்புறம் நான் உங்ககிட்டேர்ந்து திருடறேன்."

பிரசிடென்ட் யோசித்தார். வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ சொத்துக்கள் கைமாறுவதைப் பார்த்தவர். "சரி, ப்ரொசீஜர் கரெக்டாத்தான் இருக்கு" என்றார்.

மொத்த மீட்டிங்கும் மாடி ஏறியது. முனியப்பா பூட்டைத் திறந்தார். மிஸ் பந்தலைப் பார்த்து, "நான் பால் பாக்கப் போறேன்" என்று உரக்க அறிவித்துவிட்டுத் தண்ணீர் டேங்க் பக்கம் திரும்பிக்கொண்டார். வாழ்க்கையில் அடுத்தவர் பேனாவைக் கூட எடுத்திராத பிரசிடென்ட் வேட்டியைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு, ஓசைப்படாமல் நடந்து போய் ஒரு குச்சியை ஒடித்தார். ஒடிந்த சத்தத்துக்கு அவரே துள்ளிக் குதித்தார்.

"கணுவுக்குக் கீழே!" என்றார் மிஸ் திரும்பாமலேயே.

அடுத்தது மிஸ்ஸின் முறை. பிரசிடென்ட், லலிதாம்மா, மூன்றாம் மாடிப் பெண், அவள் குழந்தை, முனியப்பா, நான், எல்லோரும் டேங்கைப் பார்த்துத் திரும்பி நின்றோம். பின்னால் நகவெட்டியின் சத்தம் கேட்டது. நான் ஓரக்கண்ணால் பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன். மிஸ் குச்சியைக் கைக்குட்டையில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

அந்தக் குச்சி வேர் விட்டது. தாய்க்கொடியும் பட்டுப்போகவில்லை. முனியப்பாவைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை. மிஸ்ஸின் கொடி காய்த்த வருஷம், கிறிஸ்மஸுக்கு எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கு அரை டம்ளர் வைன் வந்தது. பிரசிடென்ட் சர்க்கரை என்று சொல்லி மறுத்தார். பிறகு இரண்டு இன்சுலின் இலையை மென்றுகொண்டே குடித்தார். லலிதாம்மா முறைத்தார்.

மிஸ் போனது ஒரு கார்த்திகை மழைநாளில், தூக்கத்திலேயே. துபாயிலிருந்து அவருடைய தங்கை மகன் வந்தான். எல்லாம் முடிந்து வீட்டைக் காலி செய்யும்போது எங்களைக் கூப்பிட்டு, "ஆன்ட்டி, இந்தச் செடியெல்லாம் யாருக்கு வேணுமோ எடுத்துக்கோங்க. பெரியம்மா இருந்தா சந்தோஷப்படுவாங்க" என்றான்.

நல்ல பையன். அவனுக்கு எதுவும் தெரியாது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் ஒரு தொட்டியைத் தொடவில்லை. கடைசியில் பிரசிடென்ட்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம்பி, நீ உள்ளே போய்ப் பால் பொங்குதான்னு பாரு."

"பாலா? வீட்ல பால் இல்லையே அங்கிள். கேஸ் கூட எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"பரவாயில்ல. போய்ப் பாரு" என்றார் லலிதாம்மா. 

அவன் குழம்பிப் போய் உள்ளே போனான். காலியான சமையலறையில் அவன் நின்றுகொண்டிருந்த நேரத்தில் நாங்கள் அத்தனை பேரும், பாதிரியார் உட்பட, அழுதுகொண்டே திருடினோம். ஆளுக்கு ஒரு சாண். வேரை யாரும் தொடவில்லை. கணுவுக்குக் கீழேதான் கிள்ளினோம். யாரும் நன்றி சொல்லவில்லை.

இதைத் தட்டச்சு செய்கிற ஜன்னலுக்கு வெளியே ஒரு திராட்சைக் கொடி கிரில்லைப் பிடித்து மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. யாரிடமிருந்து எடுத்தது என்று நான் எங்கேயாவது சொன்னேனா? திரும்பப் படித்துப் பாருங்கள். 'மிஸ்' என்று பெங்களூரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

காக்ஸ் டவுன் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். செடி வேண்டும் என்று மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிடாதீர்கள். பால்கனியில் நின்று காற்று வாங்குங்கள். நான் உள்ளே போய்ப் பால் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் வருவேன்.